பெயர்ப்பலகையை முதலில் படிக்கும் அன்பர்களுக்கு

இங்கிலாந்து தேசத்தின் பழைய வீதிப் படங்களைச் சேகரித்து, அவற்றில் காணும் மதுவிடுதிகள் எவை, எந்த ஊரைச் சேர்ந்தவை, எக்காலத்தவை என்று நிர்ணயிப்பதில் ஓய்வு நேரத்தைச் செலவிட்டுவரும் தமிழன்பர்களுக்கு எழுதும் மடல் இது.

மதுவைக் கையால் தொட்டறியாத ஒருவன் மதுவிடுதிகளைப் பற்றி மடல் எழுத முற்படுவதைக் கண்டு உங்களுள் சிலர் நகைக்கக்கூடும். நகைப்பில் நியாயமும் உண்டு. ஆயினும், ஆங்கிலேயர் பப் என்று சுருக்கமாகவும் உரிமையோடும் அழைக்கிற அந்த இடம் வெறும் குடிக்கூடமாக மட்டும் இருந்ததில்லை என்பதையும், சிற்றூர்களில் பிரேத விசாரணை நடந்ததும், நோயுற்ற தொழிலாளிக்கு உதவும் பரஸ்பர சகாய சங்கங்கள் காசு திரட்டியதும், நிலபுலங்கள் ஏலம் போனதும், தபால் கொண்டுசென்ற கோச்சு வண்டிகள் குதிரை மாற்றியதும் அதன் கூரையின் கீழும் முற்றத்திலுமே என்பதையும் நீங்கள் என்னைவிட நன்றாக அறிவீர்கள். மாதாகோயிலைப் போலவே மதுவிடுதியும் ஓர் ஊரின் சரித்திரத்துக்கு ஆதாரமாகும். மாதாகோயிலுக்காவது கல்லறை எழுத்துகளும் ஞானஸ்நானப் பதிவுகளும் துணை நிற்கின்றன. மதுவிடுதிக்கோ, அது இடிந்துபோன பின்னர், கண்ணால் காண மிஞ்சுவது பல சமயங்களில் ஒரே ஒரு புகைப்படம்.

அந்தப் புகைப்படத்துக்கு நீங்கள் எழுதும் குறிப்பைப் பற்றியதே என் கவலை. "ரெட் லயன், சுமார் 1900" என்று அட்டையின் முதுகில் மையினால் எழுதப்பட்ட குறிப்புகள் எத்தனையோ என் பார்வைக்கு வந்திருக்கின்றன. எழுதியவர் எதைக்கொண்டு அவ்வாறு தீர்மானித்தார், பலகையைத் தாமே படித்தாரா, பாட்டனார் சொல்லக் கேட்டாரா, அல்லது படத்தோடு விற்றவன் சொன்ன கதையையும் சேர்த்து வாங்கி வந்தாரா என்பதற்கு அக்குறிப்பில் ஒரு சொல்லும் இராது. அடுத்தவர் அதைப் பார்த்து எழுதுவார். அவரைப் பார்த்து இன்னொருவர் எழுதுவார். சில காலத்துக்குள் ஏதேனும் ஓர் ஊர்வரலாற்று நூலில் அது அச்சேறியும் விடும். குறிப்பே இல்லாத படத்தைப் பின்னே வருபவர் ஆராய்வார். தவறான குறிப்புள்ள படத்தை ஒருவரும் ஆராயமாட்டார். ஆகவே இரண்டாவதே பெரிய நஷ்டம்.

இத்தவறுகளுக்கு மூலகாரணம் பெயர்ப்பலகையின்பால் நாம் வைத்திருக்கும் அளவுகடந்த பக்தியே என்பது என் துணிபு. இரண்டாம் ரிச்சர்டு மன்னன் காலத்தில், 1393-ஆம் ஆண்டில், லண்டனில் ஏல் என்னும் மதுவை விற்போர் தம் வாசலில் ஓர் அடையாளம் நாட்டவேண்டுமென்று விதி செய்யப்பட்டது. சரக்கின் தரத்தைச் சோதிக்க வரும் அதிகாரி கடையைத் தேடி அலையக்கூடாதென்பது அதன் நோக்கம். எழுத்தறியாத ஜனங்களுக்கும் விளங்கவேண்டுமாகையால் அவ்வடையாளங்கள் சிங்கம், மான், மகுடம், மணி, கலப்பை என்று எளிய உருவங்களாக அமைந்தன. எளிய உருவங்களின் தொகையோ சிறிது. கடைகளின் தொகை பெரிது. அதன் விளைவாக, ரெட் லயன் என்ற சிவப்புச் சிங்கம் நூற்றுக்கணக்கான ஊர்களில் வாலைத் தூக்கி நிற்கிறது. அந்த ரிச்சர்டு மன்னனின் சொந்த முத்திரையாகிய வெள்ளை மான், ஒயிட் ஹார்ட் என்ற பெயரில் தேசமெங்கும் மேய்கிறது. 1651 செப்டம்பரில் வூஸ்டர் போர்க்களத்தில் தோற்றோடிய இரண்டாம் சார்லஸ், பாஸ்கோபெல் என்னுமிடத்தில் ஓக் மரமொன்றின் கிளைகளுக்கிடையே பகல் முழுவதும் ஒளிந்திருந்தானாம். அவன் பின்னர் அரியணை ஏறியதும் அந்த மரம் ராயல் ஓக் என்ற பெயரில் ஊர்தோறும் கிளைத்துவிட்டது. ஆகவே, பலகையில் ராயல் ஓக் என்று தெளிவாகப் படித்துவிட்டோம் என்று மகிழ்கிறவர், உண்மையில், "இது நூற்றுக்கணக்கானவற்றுள் ஒன்று" என்பதைத்தான் கண்டுபிடித்திருக்கிறார்.

பெயர் ஒன்றாக இருப்பது ஒரு தொல்லையென்றால், பெயர் மாறுவது மற்றொரு தொல்லை. சாஸர் என்னும் மகாகவி தம் யாத்திரிகர்களை ஒன்றுகூட்டிய சதர்க்கு டாபர்டு சத்திரம் 1676-ஆம் ஆண்டின் பெருந்தீயில் எரிந்து, மறுபடி கட்டப்பட்டபோது டால்பட் ஆயிற்று. 1870-களில் அது இடிக்கப்பட்டது. ஆதலின் அதன் புகைப்படமாக நமக்குக் கிடைப்பது எதுவானாலும் அது சாஸர் அறிந்த கட்டடமாக இருக்க வழியே இல்லை. இருப்பினும் அவர் பெயரை அப்படத்தோடு சேர்த்தெழுதும் ஆசையை அடக்கிக்கொள்பவர் சிலரே. முதல் உலக யுத்தம் மூண்டதும், பிரஷ்ய மன்னன் பெயரை ஒரு காலத்தில் நேசத்தோடு தாங்கிநின்ற விடுதிகள் பல, இரவோடிரவாக வேறு மன்னருக்கு விசுவாசம் தெரிவித்தன. ஸ்பிட்டல்பீல்ட்ஸ் பகுதியில், ஹாக்ஸ்மூர் கட்டிய கிறைஸ்ட் சர்ச் ஆலயத்துக்குப் பக்கத்திலுள்ள டென் பெல்ஸ் என்னும் விடுதியோ, 1976 முதல் 1988 வரை, அவ்வட்டாரத்தில் பெண்களைக் கொன்று திரிந்த ஜாக் தி ரிப்பர் என்ற கொலைகாரனின் பெயரைச் சூட்டிக்கொண்டு, பின்னர் ஜனங்களின் ஆட்சேபத்துக்குப் பணிந்து பழைய பெயருக்கே திரும்பியது. அந்தக் கோரப் பெயரிலும் ஒரு பிரயோஜனம் உண்டு: அதைத் தாங்கிய படம் பன்னிரண்டு ஆண்டுகளுக்குள் அடங்கிவிடுகிறது. கெட்ட ரசனை சரித்திரக்காரனுக்குச் சில சமயம் நல்ல ஊழியம் செய்கிறது.

நம் நாட்டுத் தர்க்க நூலார் அறிவுக்கு வழிகளாகப் பிரத்தியட்சம், அனுமானம், ஆப்தவாக்கியம் என்று வகுத்துவைத்ததை நீங்கள் படித்திருப்பீர்கள். மலைமேல் புகை தெரிவது பிரத்தியட்சம். அங்கே நெருப்புண்டு என்பது அனுமானம். அவ்வழியே வந்தவன் நெருப்பைக் கண்டதாகச் சொல்வது ஆப்தவாக்கியம். உங்கள் பணியில் படத்திலுள்ளது பிரத்தியட்சம். அதிலிருந்து நீங்கள் ஊகிப்பது அனுமானம். டைரக்டரிகளும் பதிவேடுகளும் முதியோர் நினைவும் ஆப்தவாக்கியம். "ரெட் லயன், சுமார் 1900" என்ற குறிப்பில் இம்மூன்றும் பிரித்தறியவொண்ணாதபடி குழம்பிக்கிடக்கின்றன. அவற்றைத் தனித்தனியே நிறுத்துங்கள் என்பதற்காகவே இம்மடல்.

பெயர்ப்பலகையை நம்பாதே என்றால் எதை நம்புவது என்று கேட்பீர்கள். பூதக்கண்ணாடியைத் தலைவாசலின் மேல்நிலைக்குக் கொண்டுசெல்லுங்கள். அங்கே, பெரிய பொன்னெழுத்துப் பலகையின் அகங்காரம் ஏதுமின்றி, கறுப்புப் பட்டையில் வெள்ளை எழுத்தாக இரண்டு மூன்று வரிகள் இருக்கும். 1872-ஆம் ஆண்டின் லைசென்சுச் சட்டம், லைசென்சு பெற்றவர் தம் பெயரையும், தாம் இன்னின்ன விற்க அனுமதி பெற்றவர் என்பதையும் கடைவாசலில் எழுதிவைத்தே தீரவேண்டுமென்று விதித்திருந்தது. படம் எடுக்க வந்தவன் அந்த வரிகளைப் பொருட்படுத்தியிருக்க மாட்டான். வாசலில் கைகட்டி நிற்கும் உரிமையாளரும், இடுப்பில் கவசத்துணி கட்டிய பணியாளரும், வழிமறித்து நிற்கும் நாயுமே அவன் குறி. ஆயினும் கண்ணாடித் தகட்டின் நுட்பத்தினால் அவ்வரிகளும் படத்தில் தாமாக வந்து சேர்ந்துவிட்டன. விளம்பரத்துக்காக எழுதப்பட்டதைவிடத் தண்டனைக்கு அஞ்சி எழுதப்பட்டது அதிக உண்மையுடையது என்பது என் அனுபவம்.

அவ்வரிகளிலிருந்து இரண்டு விஷயங்கள் கிடைக்கின்றன. முதலாவது, லைசென்சின் வகை. பீர், ஒயின், ஸ்பிரிட்டு, புகையிலை என்று நான்கும் எழுதப்பட்டிருந்தால் அது மாஜிஸ்திரேட்டுகளின் முழு அனுமதி பெற்ற விடுதி. பீர் மட்டும் எழுதப்பட்டிருந்தால் அது பீர்க்கடை என்னும் வேறு ஜாதி. வெல்லிங்டன் பிரபு பிரதம மந்திரியாக இருந்த 1830-இல் நிறைவேறிய சட்டமொன்று, வரி செலுத்தும் எந்தக் குடும்பத்தலைவனும் வருஷத்துக்கு இரண்டு கினி கட்டினால், மாஜிஸ்திரேட்டுகளின் தயவை நாடாமலே, தன் வீட்டிலேயே பீர் விற்கலாமென்று கதவைத் திறந்துவிட்டது. ஜின் என்னும் கொடிய மதுவிலிருந்து ஏழைகளை மீட்டுப் பீரின்பால் திருப்புவதும், மாஜிஸ்திரேட்டுகளும் ஆலைக்காரர்களும் கைக்குள் வைத்திருந்த வியாபாரத்தைப் பலருக்கும் திறப்பதும் அதன் உத்தேசங்கள். சில மாதங்களுக்குள் ஆயிரக்கணக்கான தையற்காரர்களும் கொல்லர்களும் மளிகைக்காரர்களும் தம் முன்னறையைப் பீர்க்கடையாக்கினர். 1869-இல் வந்த மற்றொரு சட்டம் இவர்களையும் மாஜிஸ்திரேட்டுகளின் அதிகாரத்துக்குக் கீழே கொண்டுவந்தது. இந்த வேறுபாடு உங்களுக்கு எதற்கென்றால், பழைய டைரக்டரிகளில் முழு லைசென்சு விடுதிகள் தத்தம் பெயரோடு வருகின்றன. பீர்க்கடைகளோ பெரும்பாலும் "பீர் சில்லறை வியாபாரி" என்ற தொழிலும், ஆளின் பெயரும், தெருவும் மட்டுமே பெற்று வருகின்றன. படத்திலுள்ள பெயரை டைரக்டரியில் தேடித்தேடிச் சலித்து, அப்படியொரு விடுதியே அவ்வூரில் இல்லையென்று முடிவு கட்டுகிறவர்கள் பலர் பீர்க்கடையைத் தேடிய அன்பர்களே.

இரண்டாவது, ஆளின் பெயர். விடுதியின் பெயர் நூறாண்டு மாறாதிருக்கலாம். ஆளோ ஐந்து பத்து வருஷங்களுக்குமேல் நிலைப்பது அருமை. மெலிந்த ஆதாரமென்று தோன்றும் இந்த நிலையாமையே நமக்கு வரம். கெல்லி, பைகட், ஒயிட் முதலியோர் வெளியிட்ட டைரக்டரிகளில் ஓர் ஊருக்குரியவற்றை வரிசையாகப் புரட்டினால், அந்த ஆள் எந்தப் பதிப்பில் தோன்றுகிறார், எந்தப் பதிப்பில் மறைகிறார் என்பது தெரிந்துவிடும். படத்தின் காலம் அந்த இடைவெளிக்குள் வந்து அகப்படும். பெயர் ஸ்மித் என்றோ ஜோன்ஸ் என்றோ இருந்தால் உங்கள் அதிர்ஷ்டத்தை நொந்துகொள்ளவேண்டியதுதான். வழக்கில் அருகிய குடும்பப் பெயரானால், ஊர் தெரியாத படத்துக்குங்கூட ஊர் கிடைத்துவிடும். பத்தாண்டுக்கொருமுறை எடுக்கப்பட்ட ஜனத்தொகைக் கணக்குகளில் 1841 முதல் 1921 வரையிலானவை இன்று பார்வைக்குக் கிடைக்கின்றன; 1931-ஆம் ஆண்டினது இரண்டாம் யுத்த காலத்தில் தீயில் அழிந்தது, 1941-இல் கணக்கே எடுக்கப்படவில்லை. அக்கணக்குகளில் அவர் பிறந்த ஊர், மனைவி மக்கள், வீட்டோடிருந்த பணிப்பெண்கள் ஆகியோரையும் காணலாம். ஒரே குடும்பப் பெயர் நீடிக்க, முன்பெயர் மட்டும் ஆணிலிருந்து பெண்ணுக்கு மாறியிருந்தால், கணவன் இறந்து கைம்பெண் லைசென்சைத் தன் பெயருக்கு மாற்றிக்கொண்டாள் என்று பெரும்பாலும் கொள்ளலாம். பெண்களுக்கு வேறு தொழில்கள் பல மூடப்பட்டிருந்த காலத்தில் இது திறந்திருந்தது என்பதும், படங்களில் வாசற்படியில் நிற்கும் அம்மாள் பல சமயங்களில் பணிப்பெண்ணல்லள், எஜமானியே என்பதும் கவனிக்கத்தக்கவை. வாசலில் பெண் நின்றால் உடனே "பணிப்பெண்" என்று எழுதிவிடும் நண்பர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கவேண்டும்.

ஆளுக்கு அடுத்தபடி ஆலை. இங்கிலாந்தின் விடுதிகளில் மிகப் பல, பீர் காய்ச்சும் ஏதேனும் ஓர் ஆலைக்குச் சொந்தமாகவோ கட்டுப்பட்டனவாகவோ இருந்து, அதன் சரக்கையே விற்றன; ஆகையால் ஆலையின் பெயர் சுவரில் பெரிதாக எழுதப்பட்டிருக்கும். ஆலைகளுக்கு வட்டாரம் உண்டு. பிரிக் லேனிலிருந்த ட்ரூமனின் கழுகு லண்டன் கிழக்குப் பகுதியில் அதிகம் பறந்தது. டெட்லி என்றால் லீட்ஸ் நகரத்தையும், பாடிங்டன் என்றால் மான்செஸ்டரையும், கிரீன் கிங் என்றால் பரி செயின்ட் எட்மண்ட்ஸையும் முதலில் நினைக்கவேண்டும். ஆலைகள் ஒன்றையொன்று விழுங்கிய வரலாறு காலநிர்ணயத்துக்கு உதவுகிறது: வாட்னி, கோம்ப், ரீட் என்ற மூன்று பெயர்கள் ஒரே வரியில் வந்தால் படம் 1898-க்கு முற்பட்டதன்று, மிச்செல்ஸும் பட்லர்ஸும் பர்மிங்காமில் இணைந்ததும் அதே ஆண்டில்தான், கரேஜும் பார்க்கிளேயும் சேர்ந்து தோன்றினால் 1955-க்கும், வாட்னி மான் என்றிருந்தால் 1958-க்கும் பிற்பட்டது.

இங்கே ஓர் எச்சரிக்கை. ஜன்னலில் பாஸ் கம்பெனியின் சிவப்பு முக்கோணம் தெரிகிறதென்று அவ்விடுதியைப் பாஸின் உடைமையென்று எழுதிவிடாதீர்கள். 1876 ஜனவரி முதல் தேதியன்று பிரிட்டனின் வியாபாரக் குறிகளுள் முதலாவதாகப் பதிவான அந்த முக்கோணம், போட்டி ஆலைகளின் விடுதிகளிலும் புட்டிகளின்மேல் வீற்றிருந்தது. பாரிஸ் நகரத்து மதுக்கூடமொன்றை மானே தீட்டிய ஓவியத்திலேயே அது இருக்கும்போது, பாஸின் சொந்த ஊரான பர்ட்டனுக்கு அயலூரில் இருப்பதில் வியப்பென்ன? கின்னஸ் விளம்பரங்களும் அவ்வாறே. அவை உடைமையைச் சொல்வதில்லை. ஆனால் காலத்தைச் சொல்லும். "கின்னஸ் உமக்கு நல்லது" என்ற பொருள்பட்ட அந்தப் பிரசித்தமான விளம்பரம் 1929-இல் பிறந்தது. நீண்ட அலகுடைய டூக்கான் பறவை 1935-இல் வந்து சேர்ந்தது.

தெருவிலுள்ள மற்றப் பொருள்களைச் சாட்சிக்கு அழைக்கும்போது ஒரு நியாயத்தை மறவாதிருக்க வேண்டும்: ஒரு பொருள் படத்தில் இருப்பது, அப்பொருள் பிறந்த ஆண்டுக்கு முன் படம் எடுக்கப்படவில்லை என்பதை மட்டுமே நிரூபிக்கும், அதற்குமேல் ஒன்றையும் நிரூபிக்காது. லண்டனின் தெருப்பலகையில் தபால் வட்டாரத்தின் எழுத்துகளோடு எண்ணும் சேர்ந்திருந்தால் படம் 1917-க்குப் பிற்பட்டது, ஏனெனில் எண்கள் அவ்வாண்டில்தான் ஏற்பட்டன. எண் இல்லாவிட்டால் 1917-க்கு முற்பட்டதென்று எழுதலாமோ? எழுதலாகாது. 1866-இல் ஒழிக்கப்பட்ட வடகிழக்கு வட்டாரத்தின் எழுத்துகளைத் தாங்கிய பலகைகள் ஹாக்னிப் பகுதியில் நெடுங்காலம் தொங்கியிருக்கின்றன. விக்டோரியா மகாராணியின் முத்திரை கொண்ட தபால் பெட்டி, அவருக்குப் பின் ஆண்ட அரசர்கள் அனைவரின் காலத்திலும் கடிதங்களை விழுங்கியிருக்கிறது. ஐந்தாம் ஜார்ஜின் முத்திரை கொண்ட பெட்டியோ 1910-க்கு முன் நின்றிருக்க முடியாது. 1926-ஆம் ஆண்டில் தெருவுக்கு வரத்தொடங்கிய சிவப்பு டெலிபோன் கூண்டுக்கும், 1951-இல் முறையாக ஏற்பட்ட வரிக்குதிரைக் கோட்டுப் பாதைக்கும் இதே நியாயந்தான்.

மோட்டார் வண்டியின் எண் பலகை இவ்வெல்லாவற்றிலும் சுவையானது. 1904 ஜனவரி முதல் தேதியிலிருந்து வண்டிகளுக்கு எண் கட்டாயமாயிற்று; எண்ணுக்கு முன்னுள்ள எழுத்து, பதிவு செய்த கவுன்சிலைக் காட்டும். ஏ என்றால் லண்டன், டி என்றால் கென்ட், கே என்றால் லிவர்பூல், என் என்றால் மான்செஸ்டர், ஓ என்றால் பர்மிங்காம், ஏ இ என்று இரண்டெழுத்து வந்தால் பிரிஸ்டல். ஆனால் யுத்தத்துக்குப் பிந்திய இருபதுகளில், ஒரு விடுதியின் வாடிக்கைக்காரர்கள் சந்தா சேர்த்து, ஷாரபாங் என்னும் திறந்த நெடுவண்டியில் கடற்கரைக்கு உல்லாசப் பயணம் போகுமுன் வாசலில் தொப்பியும் புன்னகையுமாக எடுத்துக்கொண்ட படங்கள் உங்களிடம் ஏராளமாக இருக்கும். அவ்வகைப் படங்களில் ஒரு சூழ்ச்சி உண்டு. வண்டி நிற்பது புறப்பட்ட விடுதியின் முன்னோ, வழியில் இளைப்பாறிய விடுதியின் முன்னோ என்பது முகங்களைப் பார்த்துத் தெரியாது. பின்னதாயின், ஆட்கள் ஓர் ஊர், வண்டி ஓர் ஊர், கட்டடம் வேறோர் ஊர் என்றாகிவிடும். ஆலைக்காரனின் சரக்கு வண்டியோ அன்றாடம் தன் வட்டாரத்துக்குள் சுற்றுவது. அதன் எழுத்து அதிக நம்பகமானது.

இனிக் கட்டடத்துக்கு வருவோம். இன்றைய தெருவில் நின்றுகொண்டு படத்தை ஒப்பிடுகிறவர்கள் கீழ்த்தளத்தைப் பார்த்து ஏமாறுகிறார்கள். கீழ்த்தளம் வியாபாரத்துக்குரியது, அது தலைமுறைக்கொருமுறை உடைமாற்றும். மேல்தள ஜன்னல்களின் எண்ணிக்கை, அவற்றின் மேல்வளைவு, மூலைக்கற்கள், புகைபோக்கிகளின் வரிசை, பக்கத்து வீட்டுக் கூரையோடு சேருமிடத்தின் உயர வேறுபாடு ஆகியவற்றை மாற்றுவதற்குச் செலவு பிடிக்குமாதலால் அவை தப்பிப் பிழைக்கின்றன. தெருமுனையில் வெட்டப்பட்ட மூலைவாசல், மதுவிடுதி மளிகைக்கடையாகவோ குடியிருப்பாகவோ மாறிய பின்னும் பெரும்பாலும் நிற்கும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில், மெருகேற்றிய வண்ண ஓடுகளால் முகப்பை மூடும் மோகம் ஆலைக்காரர்களைப் பிடித்தது. பச்சையும் செம்பழுப்புமாக மழையில் பளபளக்கும் அந்த ஓடுகளின்மேல் எனக்கும் ஒரு மோகம் உண்டென்பதை மறைப்பானேன்? ஜன்னலுக்குக் கீழே அவ்வோடுகளில் ஒரு வரிசை மட்டும் எஞ்சியிருந்தாலும் அவ்விடத்தின் பூர்வோத்தரம் வெளிப்பட்டுவிடும்.

ஒப்பிடுவதற்கு முன், படம் இடம்வலம் மாறாமல் அச்சிடப்பட்டதா என்பதையும் பாருங்கள். கண்ணாடி நெகடிவைப் புரட்டிவைத்து அச்சிட்டால் தெருவே திரும்பிவிடும். எழுத்துகள் இருந்தால் உடனே தெரியும். இல்லாதபோது ஆண்களின் கோட்டுப் பொத்தான்களைக் கவனிக்கவேண்டும்: இடப்பக்கத் துணி மேலாக மூடுவதே ஆண்களின் வழக்கம். நிழலையும் விடாதீர்கள். அந்த அட்சரேகையில் நண்பகலில் சூரியன் என்றும் தென்வானத்திலேயே நிற்குமாகையால், உச்சிப்பொழுதின் வெயில் முகப்பில் விழும் கட்டடம் வடக்கு நோக்கியதாக இருக்கமுடியாது. தெருவின் தென்புறத்திலுள்ள விடுதியையும் வடபுறத்திலுள்ள விடுதியையும் குறித்து எழும் வாதங்களை இந்த ஒரு நிழலே தீர்த்துவைத்துவிடும்.

கட்டடமும் பொய் சொல்வதுண்டு. இஸ்லிங்டனில் ஏஞ்சல் என்ற பெயரால் பூமிக்கடியிலுள்ள ரயில் நிலையமே வழங்குகிறது. அங்குள்ள பழைய சத்திரம் 1899-இல் கோபுரத்தோடு புதிதாகக் கட்டப்பட்டது. ஆனால் 1921-இல் லயன்ஸ் கம்பெனியார் அதைத் தேநீர் விடுதியாக்கிவிட்டனர். ஆகவே முப்பதுகளின் படத்தில் அக்கோபுரத்தைக் கண்டு, "புகழ்பெற்ற ஏஞ்சல் மதுவிடுதி" என்று எழுதினால், தேநீர் அருந்திக்கொண்டிருந்த கண்ணியவான்களுக்கு நாம் மதுவை ஊற்றிக்கொடுத்தவர்களாவோம். சதர்க்கின் ஜார்ஜ் சத்திரம் இதற்கு நேர்மாறு: முற்றத்தின் மூன்று பக்கங்களிலும் மாடத்தாழ்வாரம் ஓடிய அச்சத்திரத்தின் இரண்டு பக்கங்களை 1889-இல் கிரேட் நார்தர்ன் ரயில்வேயார் இடித்துத் தள்ளினர், எஞ்சிய தென்பகுதி 1937 முதல் நேஷனல் டிரஸ்டின் பாதுகாப்பில் இருக்கிறது. முழு முற்றத்தின் படம் கிடைத்தால், இன்றைய ஜார்ஜைக் கண்டவர் அதை வேறு சத்திரமென்றே சொல்வார்.

இவ்விஷயத்தில் நமக்கு முன்னோர்கள் உண்டு. செயின்ட் பால் பேராலயத்துக்கு அண்மையில், வார்விக் லேனிலிருந்த ஆக்ஸ்போர்டு ஆர்ம்ஸ் என்ற பழைய வண்டிச் சத்திரம் இடிபடப்போகிறதென்று அறிந்து, 1875-இல் சிலர் கூடி, லண்டனின் பழஞ்சின்னங்களைப் புகைப்படமெடுக்கும் சங்கம் ஒன்றை ஏற்படுத்தினர். 1886 வரையில் நூற்றிருபது படங்களை வெளியிட்டனர். முதற்படங்களை ஆல்பிரட் பூல், ஜான் பூல் என்போர் எடுத்தனர். மாடத்தாழ்வாரங்களில் துணி உலர்த்தியிருந்ததுகூட அப்படியே பதிவான படங்கள் அவை. லண்டனின் புராதனப் படங்களைத் தொகுக்கும் அம்முயற்சி ஒரு மதுவிடுதிக்காகத் தொடங்கியது என்பதை எண்ணும்போது, குடியை வெறுக்கும் என் நெஞ்சும் சற்று இளகுகிறது.

தேசப்படங்களைப் பற்றி நீங்கள் அறிவீர்கள், சுருக்கமாகச் சொல்கிறேன். ஆர்ட்னன்ஸ் சர்வேயின் இருபத்தைந்து அங்குலப் படங்களில் விடுதிகள் பி. எச். என்ற இரண்டெழுத்தாகவே நிற்கும். ஐந்நூற்றுக்கு ஒன்று என்ற அளவில் வரைந்த நகரப் படங்களில் பெயரும் கிடைக்கலாம். 1910-ஆம் ஆண்டின் நிதிச் சட்டத்துக்காக நிலங்களையெல்லாம் மதிப்பிட்ட குறிப்பேடுகள் கியூவிலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. ஒரு விடுதியின் அறைகளையும் தொழுவத்தையுங்கூட அவற்றில் விவரித்திருப்பார்கள். விடுதிகளைக் குறைப்பதற்காக 1904-இல் வந்த சட்டம், மூடப்படும் கடைக்கு நஷ்டஈடு கொடுக்க ஏற்பாடு செய்தது. அதன் நடவடிக்கைகளை உள்ளூர்ப் பத்திரிகைகளில் தேடினால், பல படங்களின் பிந்திய எல்லை கிடைக்கும். 1930-களில் லண்டன் கவுண்டி கவுன்சிலார் ஒரே பெயருள்ள தெருக்களுக்கு வேறு பெயரிட்டதை மறந்துவிட்டுப் பழைய விலாசத்தைப் புதிய படத்தில் தேடாதீர்கள்.

என் வேண்டுகோள் இவ்வளவே. படத்தின் பின்புறத்தில், மையினாலன்று, மென்மையான பென்சிலால், மூன்று பகுதியாக எழுதுங்கள். முதற்பகுதியில் கண்ணுக்குத் தெரிவதை மட்டும்: "பலகையில் ரெட் லயன், வாசல்மேல் ஆளின் பெயர், கடைசி நான்கு எழுத்துகள் மட்டும் தெளிவு, பீர் மட்டும் விற்கும் லைசென்சு, மூலைவாசல், மேலே ஐந்து ஜன்னல்" என்பதுபோல. இரண்டாம் பகுதியில் நீங்கள் ஊகித்தது, ஊகத்துக்குரிய காரணத்தோடு. மூன்றாம் பகுதியில் பிறர் வாய்மொழியாகவோ நூல்வழியாகவோ சொன்னது, சொன்னவர் இன்னாரென்று. தபால் கார்டானால் முத்திரையின் தேதியையும் குறியுங்கள். ஆனால் அது அனுப்பிய தேதியே ஒழிய எடுத்த தேதியன்று, கடைக்காரர் பழைய கார்டுகளை வருஷக்கணக்கில் விற்பதுண்டு. அரைப்பென்னித் தபால்தலை ஒட்டிய கார்டு பெரும்பாலும் 1918 ஜூனில் கட்டணம் உயருமுன் அனுப்பப்பட்டதாகவே இருக்கும்.

முதியோரிடம் படத்தைக் கொண்டுபோகும்போது, "இது ரெட் லயன்தானே, ஐயா?" என்று கேட்காதீர்கள். மரியாதையுள்ள முதியவர் எவரும் விருந்தாளியை ஏமாற்ற விரும்பமாட்டார். ஆமென்று சொல்லிவிடுவார், சொன்ன பின் அவருக்கே அது நினைவாகவும் ஆகிவிடும். படத்தைப் பேசாமல் கையில் கொடுத்து, முதுகிலுள்ள குறிப்பை மறைத்துக்கொண்டு, அவர் பேசும்வரை காத்திருங்கள். விடுதியின் பெயர் அவருக்கு நினைவில் இல்லாமற்போகலாம். ஆனால் எதிரிலிருந்த மாவுமில்லும், பக்கத்துச் சந்தில் தந்தையாருக்காகக் கூஜாவில் பீர் வாங்கிவந்த தனி வாசலும், உரிமையாளரை ஊரார் அழைத்த பட்டப்பெயரும் வரும். அவர் சொன்ன சொற்களை, உங்கள் ஊகத்துக்கு ஒத்துவராதவற்றையும் விடாமல், அன்றைய தேதியிட்டு மூன்றாம் பகுதியில் எழுதிக்கொள்ளுங்கள். பிரதியொன்றை அந்தக் கவுண்டியின் ஆவணக் காப்பகத்துக்கும் அனுப்பிவையுங்கள்.

இங்ஙனம்,
உங்களைப்போல் பழம்படங்களில் பொழுதைக் கழிக்கும் அன்பன்